அடிவயிற்றின் நிறம்

தாம்பரத்தில் கார் பெயின்ட் விற்கிற கடைகள் நாலைந்து இருந்தன. ஆனாலும் இடிபட்ட வண்டியை வைத்துக்கொண்டு முழிக்கிற பட்டறைக்காரர்கள் தேடி வந்தது தையல்நாயகி அம்மாவின் கடைக்குத்தான். காரணம், அங்கே தாமோதரன் இருந்தார். ஆறு வருஷம் வெயிலில் வெளுத்த ஒரு மாருதியின் பெட்ரோல் மூடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தால் போதும். கடை வாசலுக்கு வந்து வெளிச்சத்தில் அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்ப்பார். உள்ளே போய் வெள்ளையில் நாலு சொட்டு கறுப்பு, அரைச் சொட்டு மஞ்சள், குச்சி நுனியில் தொட்டு ஒரு துளி சிவப்பு என்று கலக்கி, மூடியின் ஓரத்தில் ஒரு தீற்று தீற்றுவார். அது காய்ந்த பிறகு, தீற்றிய இடம் எது என்று அவரே தேட வேண்டியிருக்கும்.

எட்டாவதோடு படிப்பு நின்றுபோனது. டின்களின் மேல் இருக்கிற பெயர்களை எழுத்துக் கூட்டிப் படிக்கிற அளவுக்குத்தான் இங்கிலீஷ். சிட்லபாக்கம் ஏரிக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. மனைவி மஹாலட்சுமி எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் சட்டைக் காலர் தைத்தாள். மூத்தவன் பிரசன்னா, அடுத்தவள் ஜீவிதா.

பிரசன்னாவுக்கு விமானப் பைத்தியம். தாம்பரம் ஏர்ஃபோர்ஸ் ஸ்டேஷனில் இருந்து தலைக்கு மேலே பறக்கிற பயிற்சி விமானங்களைப் பார்த்து வளர்ந்த பையன்களுக்கு அது ஒன்றும் புதிதில்லை. ஆனால் இவன் மனசு போனது கடற்படை விமானத்தின் பக்கம். ஏதோ பழைய பத்திரிகையில், கப்பலின் மேல்தளத்தில் இறக்கைகளை மடக்கிக்கொண்டு நின்ற ஸீ ஹாக் விமானங்களின் படத்தைப் பார்த்துவிட்டான். வெட்டுக்கிளிகள் மாதிரி வரிசையாக நின்ற அந்தப் படத்தைக் கத்தரித்துத் தலைமாட்டில் ஒட்டிக்கொண்டான். அவன் பிறந்து கொஞ்ச நாளிலேயே கடற்படை அந்த விமானங்களை ஓரங்கட்டிவிட்டிருந்தது. அதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டில்லை.

பாலிடெக்னிக் முதல் வருஷம் படிக்கும்போது அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது, போகவே இல்லை. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். சிங்கப்பூரில் வெல்டராக இருந்த தாய்மாமன், ஊருக்கு வந்தவர் கையில் ஒரு அட்டைப்பெட்டி கொடுத்தனுப்பினார். பெட்டிக்குள் பிளாஸ்டிக் துண்டுகளாக ஒரு ஸீ ஹாக். எல்லாவற்றையும் ஒட்டினால் ஒரு சாண் நீளம் வரும்.

ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த அந்தப் பதினான்கு மாதங்களில் பிரசன்னா அதை ஒட்டினான். மற்ற பையன்களாக இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்திருப்பார்கள். இவன் இறக்கையில் தகடு சேருகிற கோடுகளைத் தையல் ஊசியால் ஒவ்வொன்றாகக் கீறினான். விமானி உட்கார்கிற இடத்தில் இருக்கிற முள்மானிகளை ஒற்றை முடிப் பிரஷ்ஷால் வரைந்தான். கை நடுங்குகிற நாளில் தொடமாட்டான்.

ஒரு காலை, தாமோதரன் வேலைக்குக் கிளம்பி டிபன் பாக்ஸைப் பையில் வைத்துக்கொண்டிருந்தபோது அவன் கூப்பிட்டான்.

"அப்பா, ஒரு நிமிஷம் இதைப் பாரேன். மேல் பக்கத்துக் கிரே கலரோட நம்பர் கெடைச்சிடுச்சு. அடிவயிறுதான் கொழப்புது. நெட்டுல ஒருத்தன் வெள்ளைங்கிறான், ஒருத்தன் வெளிர் பச்சைங்கிறான். ஃபோட்டோவுல ரெண்டும் இல்லாத மாதிரி இருக்கு. உன் கண்ணுக்கு என்னவா தெரியுது?"

தாமோதரனுக்கு அன்றைக்கு இரண்டு பட்டறைக்காரர்கள் காத்திருந்தார்கள். முந்தின நாள் டாக்டர் சொன்னது வேறு நெஞ்சில் கிடந்தது.

"கீழ இருக்கிறதை எவன்டா குனிஞ்சு பாக்கப்போறான்? வெள்ளையை அடிச்சு வுடு. பொம்மைக்குப் போய் ரிசர்ச்சு."

பிரசன்னா சிரித்தான். குறிப்பு எழுதிவந்த நோட்டை மூடித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டான். மறுபடி அதைப் பற்றி அப்பாவிடம் கேட்கவில்லை. இரண்டாயிரத்தாம் வருஷம் ஐப்பசி அடைமழையில் அவன் போய்ச் சேர்ந்தான். பதினெட்டு முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

காரியமெல்லாம் முடிந்து தாமோதரன் கடைக்குத் திரும்பினார். வேலையில் எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனால் ஒரு நாள், யாரோ ஒரு டாக்டருடைய காரின் கதவுக்கு ஷேடு பிடித்துக்கொண்டிருக்கும்போது, அரைச் சொட்டு கறுப்பு கூடிவிட்டது என்று முழு டின்னையும் தூக்கி வைத்துவிட்டு முதலில் இருந்து கலக்க ஆரம்பித்தார். கலக்கிக்கொண்டே இருந்தவருக்குக் கை நின்றது. யாரோ ஒருத்தன் கார்க் கதவுக்கு அரைச் சொட்டு. பெற்ற பிள்ளை கேட்டதற்கு வெள்ளையை அடி.

அன்று மத்தியானம் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். பரணில் இருந்த அட்டைப்பெட்டியை இறக்கினார். விமானம் முழுசாக ஒட்டப்பட்டு, பெயின்ட் இல்லாமல் வெளிர் பிளாஸ்டிக்காகவே இருந்தது. கூடவே இரண்டு குயர் நோட்டு ஒன்று, முக்கால்வாசி நிறைந்து, முழுவதும் இங்கிலீஷில்.

பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த ஜீவிதாவிடம் நீட்டினார். "இதுல கலரைப் பத்தி எங்கெங்க எழுதியிருக்கான்னு பார்த்துப் படிச்சுச் சொல்லும்மா."

பத்தாவது படிக்கிற பெண். அண்ணனின் கையெழுத்தைப் பார்த்ததும் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

இப்படித்தான் அது ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவும் மகளும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனார்கள். பிரசன்னா பெயர் பதிந்துவைத்திருந்த, விமான மாடல் செய்கிறவர்கள் கூடிப் பேசுகிற வலைத்தளத்தின் முகவரியும் பாஸ்வேர்டும் நோட்டிலேயே இருந்தன. ஜீவிதா அண்ணன் பெயரிலேயே கேள்வியைப் போட்டாள். அண்ணன் இல்லை என்று எழுத அவளுக்கு வரவில்லை. இங்கிலாந்தில் இருந்து ஒரு பெரியவர் பதில் போட்டார். விமானங்கள் அங்கே செய்து அனுப்பப்பட்டபோது அடிப்பக்கம் வாத்து முட்டை மாதிரி வெளிர் பச்சை என்று சொல்லி, நிறத்தின் எண்ணையும் கொடுத்தார். தாமோதரன் அதைக் கலக்கி ஒரு அட்டையில் பூசிக் கடைச் சுவரில் மாட்டினார். அடுத்த வாரமே இன்னொருவர் மறுத்தார். இந்தியாவுக்கு வந்தபிறகு பலமுறை இங்கேயே பெயின்ட் அடித்தார்கள், இங்கே கிடைத்த பெயின்ட் வேறு, அந்த எண் செல்லாது என்று எழுதினார். அவர் சொன்னபடி இன்னொரு அட்டை ஏறியது. மூன்றாவது ஆள் ஒரு கலர் ஃபோட்டோ அனுப்பினார். அதில் கடலே ஊதா நிறமாக இருந்தது.

கடற்படை அலுவலகம் ஒன்றுக்கு ஜீவிதாவை விட்டுக் கடிதம் எழுதவைத்தார். மரியாதையான பதில் வந்தது. அவ்வளவு பழைய பெயின்ட் விவரங்களை வைத்திருக்கும் வழக்கம் இல்லை, வருந்துகிறோம். அந்தக் கடிதத்தை அவர் நோட்டுக்குள்ளேயே வைத்தார்.

ஒரு வருஷம் போய், இரண்டாவது வருஷமும் வந்தது. கடைச் சுவரில் பதினேழு அட்டைகள். தையல்நாயகி அம்மா புருஷனை இழந்து கடையை நடத்துகிறவர். அட்டைகளுக்கு மேலே மின்விசிறிக் காற்று படாமல் ஒரு பலகை மட்டும் அடிக்கச் சொன்னார்.

கேரளத்தில் ஒரு கடற்கரை ஊரில் உண்மையான ஸீ ஹாக் ஒன்றை மேடை கட்டி நிறுத்தியிருக்கிறார்கள் என்று வலைத்தளத்தில் யாரோ சொல்ல, தாமோதரன் வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பையில் ஒரு துண்டு வாட்டர் பேப்பர் வைத்துக்கொண்டார். தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற நைஸ் ரகம். பழைய காருக்கு எத்தனை தடவை பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று பார்க்க, ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தை மெதுவாகத் தேய்த்தால் போதும். மரத்தை அறுத்தால் வளையம் தெரிகிற மாதிரி ஒவ்வொரு பூச்சும் வளையமாகத் தெரியும். கடைசி வளையம்தான் முதல் நிறம்.

விமானத்தை ஒருமுறை சுற்றி வந்தார். மகன் ஒரு சாண் அளவில் செய்தது இங்கே லாரி நீளத்துக்கு நின்றது. ஊசியால் அவன் கீறிய கோடுகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து இறக்கைக்குக் கீழே புகுந்து, எச்சில் தொட்டுத் தேய்த்தார். மேலே வெள்ளை. அதற்குக் கீழே நீலம். அதற்கும் கீழே பிரைமர் என்கிற அடிப்பூச்சு. அப்புறம் அலுமினியம் பளிச்சென்று சிரித்தது. அவ்வளவுதான். மேடையில் ஏற்றுவதற்கு முன்னால் பழைய பெயின்ட் முழுவதையும் உரித்து எடுத்திருக்கிறார்கள். பார்வைக்கு வைக்கிற எதற்கும் யாரும் செய்கிற வேலைதான் அது. அவரே நூறு கார்களுக்குச் செய்திருக்கிறார்.

"எந்தா இது? எந்தா செய்யுன்னே?" காவலாளி கையைப் பிடித்துவிட்டான்.

காவலறையில் உட்காரவைத்தார்கள். பெரிய மீசை வைத்த மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். தமிழ் தெரிந்தவர். "அரசாங்கச் சொத்தை ஏன்யா சொரண்டினே?" என்று அதட்டினார்.

தாமோதரனுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. "என் பையன் பிளேன் சார்" என்றார். "என் பையன் போயிட்டான் சார்."

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றினார். காவலாளி ஓடிப்போய் டீ வாங்கிவந்தான். "எந்த வருஷம்? எந்தக் கப்பல்?" என்று மெல்லக் கேட்டார் அவர். தாமோதரன் தலையைக் குனிந்துகொண்டார். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று அவர்கள் நினைத்தார்கள். இல்லை சார், அவன் விமானி இல்லை, பிளாஸ்டிக் பொம்மை செய்தவன் என்று சொல்ல வாய் திறந்தார். வரவில்லை. அந்த டீயைக் குடித்தார். வெளியே வரும்போது மேற்பார்வையாளர் அவருக்கு சல்யூட் வைத்தார்.

ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து சென்னை வரைக்கும் அந்த சல்யூட்டையே நினைத்துக்கொண்டு வந்தார். யாருக்கோ சேரவேண்டியதைத் திருடிக்கொண்டு வந்த மாதிரி இருந்தது. இதை அவர் மஹாலட்சுமியிடம் சொல்லவில்லை. பல நாள் சுவரில் இருந்த அட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாயிரத்து நாலு, தை மாதம். இரும்பு கேட்டுக்குப் பெயின்ட் வாங்க ஒரு கிழவர் கடைக்கு வந்தார். ஒல்லியான உடம்பு, முன்கையில் நங்கூரம் பச்சை குத்தியிருந்தது. தையல்நாயகி அம்மா டின் எடுக்க உள்ளே போன நேரத்தில், சுவரைப் பார்த்து அவர் சொன்னார்:

"இன்னாப்பா, ஸீ ஹாக்கு வயிறு மாதிரி கீது?"

தாமோதரன் கையில் இருந்த குச்சி டின்னுக்குள்ளேயே விழுந்துவிட்டது.

"எது சார்? எந்த அட்டை?"

கிழவர் கிட்டே வந்து பார்த்தார். ஒன்பதாவது அட்டையில் ஒரு விரலும் பன்னிரண்டாவதில் ஒரு விரலும் வைத்தார். "இதுவும் இல்ல, அதுவும் இல்ல. நடுவுல எங்கியோ கீது."

அவர் பெயர் ஏசுதாசன். கடற்படையில் இருபது வருஷம் விமானங்களின் உடம்பைப் பராமரிக்கிற வேலை. இப்போது ஊரப்பாக்கத்தில் மனைவி ஞானம்மாளோடு இருந்தார். மறு ஞாயிறு தாமோதரன் அவர் வீட்டுக்குப் போனார். இந்தமுறை எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மகன், நோய், வெள்ளையை அடி என்று சொன்னது, கேரளத்தில் குடித்த டீ, எல்லாம்.

ஏசுதாசன் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீ ஒரே கலர தேடுற," என்றார் கடைசியில். "ஆனா ஒரே கலருன்னு ஒண்ணு கிடையாதுப்பா. கடல் காத்துல உப்பு அரிச்சிகினே இருக்கும். நாங்க டச்சப் பண்ணிகினே இருப்போம். அன்னைக்கு எந்த டிரம்மு கீதோ அதான் அடிப்போம். பக்கத்துப் பக்கத்துல நிக்கிற ரெண்டு பிளேனுக்கு ஒரே வயிறு இருக்காது. உன் பையன் எந்த நம்பர் பிளேன் செஞ்சான்?"

தாமோதரன் நம்பரைச் சொன்னார்.

"அது எனக்கு ஞாபகம் இல்ல. பொய் சொல்ல மாட்டேன்."

தாமோதரனின் முகத்தைப் பார்த்த ஞானம்மாள், "அந்தத் தகட்டைக் காட்டுங்களேன்" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் தண்ணீர் டிரம்மின் சின்ன வாய்க்கு மூடியாக ஒரு தகடு கிடந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. விமானங்கள் உடைசலுக்குப் போன காலத்தில் ஞாபகத்துக்கு என்று எடுத்துவந்தது. விமானத்தின் அடிவயிற்றில், உள்ளே கையை விட்டு வேலை பார்ப்பதற்கான சின்னக் கதவு. மேலே வெயிலும் தண்ணீரும் பட்டு அழுக்குச் சாயம்தான் மிஞ்சியிருந்தது. தாமோதரன் திருப்பிப் பார்த்தார். ஓரத்தைச் சுற்றி இறுகிப்போன ரப்பர் பட்டை. நகத்தால் அதை நெம்பினார். பட்டைக்குக் கீழே, வெளிச்சமே படாத ஒரு கோடு இருந்தது. அரை விரல் அகலம்கூட இல்லை.

பச்சையும் இல்லை, வெள்ளையும் இல்லை. விடிந்து கொஞ்ச நேரத்தில், வெயில் ஏறுவதற்கு முன்னால் கடலுக்கு மேலே வானம் இருக்கிற நிறம்.

"எடுத்துக்கினு போ," என்றார் ஏசுதாசன். "டிரம்முக்கு வேற மூடி இல்லாமலா போயிடும்."

மூன்று வாரம் கலக்கினார். காலை வெயிலில், மத்தியான வெயிலில், மேகமூட்டத்தில், டியூப்லைட்டில் என்று எல்லா வெளிச்சத்திலும் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அவர் வேலைக்கு நடுவில் மெலிசாக ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்ததைத் தையல்நாயகி அம்மா கவனித்தார். கடைசியில் தகட்டின் கோட்டில் ஒரு தீற்று தீற்றினார். காய்ந்தது. எங்கே தீற்றினோம் என்று தெரியவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது, "கெடைச்சிடுச்சு" என்றார். மஹாலட்சுமி இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

முன்ஜாக்கிரதை இல்லாத ஆள் இல்லை அவர். பெயின்ட்டை இளக்குகிற தின்னர் பிளாஸ்டிக்கை ஏதாவது செய்துவிடுமோ என்று ஒரு உடைந்த மாருதி பம்பர் துண்டில் முதலில் அடித்துப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை, கண்ணாடி மாதிரி நின்றது. பிளாஸ்டிக்கில் நூறு வகை உண்டு என்பதும், பம்பர் வேறு பொம்மை வேறு என்பதும் இருபத்திரண்டு வருஷம் இரும்புத் தகட்டுக்கே பெயின்ட் கலந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையின் பின்கட்டில், சைக்கிள் ஸ்போக்கை வளைத்து விமானத்தைத் தலைகீழாக அதில் பொருத்தினார். டச்சப்புக்கு வைத்திருக்கிற சின்ன ஸ்ப்ரே கன்னில் நிறத்தை ஊற்றினார். காருக்கு அடிக்கிற என்.சி. பெயின்ட், தாராளமாகத் தின்னர். கையைக் கூப்பிக் கும்பிட்டுவிட்டு அடித்தார். பனி இறங்குகிற மாதிரி நிறம் இறங்கியது. அடிவயிறு முழுக்க ஈரமாக, ஒரே சீராக, சரியான நிறத்தில் பளபளத்தது. அந்த அரை நிமிஷம் அவர் சந்தோஷமாக இருந்தார். அதற்குப் பிறகு எப்போதும் அப்படி இருந்ததில்லை.

முதலில் இறக்கையில் இருந்த கோடுகள் மங்கின. பெயின்ட் கூடிவிட்டது என்று நினைத்தார். பிறகு பால் கொதித்து ஆடை சுருங்குகிற மாதிரி மேல்பரப்பு சுருங்கியது. பதறிப்போய்த் துணியை எடுத்து ஒற்றினார். துணியோடு தோல் உரிந்து வந்தது. விமானத்தைக் கையில் எடுத்தார். கட்டைவிரல் அடிவயிற்றுக்குள் அமுங்கிவிட்டது. விமானி உட்காரும் இடத்துக் கண்ணாடி உள்ளிருந்து புகைபடிந்த மாதிரி வெளுத்து, உள்ளே ஒற்றை முடியால் வரைந்த முள்மானிகள் எதுவும் தெரியவில்லை. ஒரு பக்கத்து இறக்கை, யாரும் தொடாமலே, மெதுவாகக் கீழே தொங்கியது.

ஜீவிதாதான் அவரைத் தேடிக்கொண்டு வந்தாள். பின்கட்டில் காலி டின் மேல் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் அது ஒட்டிக்கொண்டிருந்தது.

அன்று சாயந்திரம் வீட்டில் ஜீவிதா நோட்டை முதல் பக்கத்தில் இருந்து படித்தாள். இதுவரை அப்பா கேட்ட பக்கங்களை மட்டும்தான் படித்திருந்தாள். ஒட்டுகிற பசை, உப்புத்தாள், பிரஷ் என்று சாமான்கள் எழுதியிருந்த பக்கங்களை அவள் தாண்டிப் போயிருந்தாள். அந்தப் பக்கங்களில் ஒன்றில், சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு எழுதியிருந்தான். படித்தவள் நோட்டை மூடினாள். சொல்லலாமா வேண்டாமா என்று தவித்தாள்.

"படிம்மா," என்றார் தாமோதரன். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தமிழில் சொன்னாள். "கார் பெயின்ட் கூடாது. தின்னர் இந்தப் பிளாஸ்டிக்கைக் கரைச்சிடும். எனாமல் மட்டும்தான். அதுக்குக் கீழ…"

"கீழ?"

"அப்பாகிட்ட ஷேடு மட்டும் கேக்கணும். அப்பாவோட மூட் நல்லா இருக்கிறப்ப. தேதி போட்டிருக்கான்."

அவர் வெள்ளையை அடி என்று சொன்ன நாளுக்கு இரண்டு வாரம் கழித்துப் போட்ட தேதி அது.

ஜீவிதா அழுதுகொண்டே, "நான்தான் படிக்காம விட்டுட்டேன்பா, என் தப்புதான்" என்றாள். "உன் மேல ஒண்ணுமில்ல கண்ணு" என்று சொன்னாரே தவிர, அவருக்கு அவளைத் தொட்டுத் தேற்றக் கை எழவில்லை. கைகளில் அந்த நிறம் இருந்தது.

மஹாலட்சுமி அத்தனை நேரம் வாசல்படியில் நின்றிருந்தாள். அவள் உள்ளே வந்து, மேசையில் கிடந்ததை எடுத்து ஒரு பழைய பருத்தித் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். மூன்று வருஷமாக இந்த விஷயத்தில் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இப்போது சொன்னாள்.

"நீங்க ரெண்டு பேரும் அவன் இன்னும் இருக்கிற மாதிரியே வேலை பாத்துக்கினு இருந்தீங்க. எனக்கு அது புடிக்கல. ஆனா ஞாயித்துக்கிழமை சட்டை மாத்திக்கினு நீங்க கிளம்பறதைப் பாக்கிறப்ப, சரி, இந்த மனுஷன் இன்னும் ஒரு வாரம் இருப்பாருன்னு நெனச்சுக்குவேன். இனிமே என்ன பண்ணப் போறீங்க?"

சிங்கப்பூர் மாமனுக்கு எழுதினால் இன்னொரு பெட்டி அனுப்புவார் என்று ஜீவிதா ஒருமுறை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "அதுல அவன் கோடு இருக்காதும்மா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கடைச் சுவரில் இருந்த அட்டைகளை அவரே கழற்றினார். ஏசுதாசனின் தகட்டைத் திருப்பிக் கொடுக்க ஊரப்பாக்கத்துக்குப் போனபோது, ஞானம்மாள் மட்டும் இருந்தார். கிழவர் மாசி மாதமே இறந்துபோனார் என்றார். தகட்டை வாங்கிக்கொண்டு, "உங்க பையன் பிளேன் நல்லா வந்துச்சா?" என்று கேட்டார். "நல்லா வந்துச்சும்மா" என்றார் தாமோதரன். அந்தப் பொய்யைச் சொல்ல அவருக்குச் சிரமமாக இல்லை. அதுதான் திரும்பி வருகிற வழியெல்லாம் உறுத்தியது.

அடுத்த வருஷம் கடைக்குக் கம்ப்யூட்டர் மிஷின் வந்தது. வண்டியின் நிற எண்ணைத் தட்டினால் அதுவே சொட்டு சொட்டாக விட்டுக் கலக்கிவிடும். மற்ற கடைகளில் இப்படி மிஷின் வந்தபோது ஷேடு பிடிக்கிறவர்கள் சண்டை போட்டார்கள், வேலையை விட்டார்கள். தாமோதரன் மிஷின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு பொத்தானை அமுக்கினார். பழைய வாடிக்கைக்காரர்கள் யாராவது, "அண்ணே, மிஷின் ஷேடு கொஞ்சம் ஒதுங்குது, நீங்க ஒரு சொட்டு வுடுங்களேன்" என்று கெஞ்சினால், "என் கண்ணு போயிடுச்சுப்பா" என்பார். கண் நன்றாகத்தான் இருந்தது.

ஜீவிதா டிகிரி முடித்து, இரண்டாயிரத்து எட்டில் வேலைக்குப் போனாள். முதல் வேலையாக வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கினாள். அப்பாவுக்குத் தெரியாமல், கடைக் கணக்கு நோட்டின் கடைசித் தாளில் அவர் குறித்துவைத்திருந்த கலவையை, வெள்ளை இவ்வளவு, மஞ்சள் இவ்வளவு, கறுப்பு இவ்வளவு, நீலம் இவ்வளவு என்று அந்த வலைத்தளத்தில் போட்டாள். இந்தமுறை அண்ணனைப் பற்றியும் எழுதினாள். நாலு மாதம் கழித்து போலந்து நாட்டில் இருந்து ஒருவர் படம் அனுப்பினார். அவருடைய மேசை மேல், அந்தக் கலவையை அடிவயிற்றில் அடித்து, மடக்கிய இறக்கைகளோடு ஒரு ஸீ ஹாக். மூக்கில் பிரசன்னா தேர்ந்தெடுத்த அதே நம்பர்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவள் அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினாள். மஹாலட்சுமியும் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

தாமோதரன் முன்னால் குனிந்து பார்த்தார். பக்கவாட்டில் தலையைச் சாய்த்துப் பார்த்தார். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து மறுபடி பார்த்தார். அடிவயிறு படத்தில் நிழலுக்குள் இருந்தது.

"எப்படிப்பா இருக்கு? சரியா வந்திருக்கா?"

"ஸ்கிரீன்ல கலர் தெரியாதும்மா," என்றார்.

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாத்திய ஜன்னலைத் திறந்துவிட்டு, குளிக்கப் போனார்.